எந்த வரிசையிலிருந்து

விஜயபாஸ்கருக்குக் கை பூராவும் கர்வம். இதைச் சேதுபதி சொல்லாத ஆள் கிளப்பில் யாரும் கிடையாது, வேன் டிரைவர் உட்பட. பின்னே என்ன, ஷார்ஜா ரோலாவில் ஒரே ரூம், ஒரே இரும்புக் கட்டிலில் அவன் மேலே இவன் கீழே, ஒரே வேன், ஒரே டூட்டி. ஒன்பது வருஷமாக ஒருத்தன் குறட்டையை இன்னொருத்தன் கேட்டுக்கொண்டு கிடக்கிறான். அப்படிக் கிடந்தும் ஒருத்தனைப் பற்றி ஒருத்தன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. முதுகுளத்தூர்க்காரனுக்கும் அருப்புக்கோட்டைக்காரனுக்கும் அப்படி என்ன பகை என்றால், பகையெல்லாம் ஒன்றுமில்லை. ரெண்டு பேருக்கும் வேலை தெரியும். அதுதான் வினை.

வேலையைச் சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். ஷார்ஜாவைத் தாண்டி மணலுக்குள் ஒரு துப்பாக்கி சுடும் கிளப். போட்டிக்குச் சுடுகிறவர்களுக்குக் கடைத் தோட்டா ஆகாது, கையால் கட்டிய தோட்டாதான் வேண்டும். அதை முறையாக லைசென்ஸ் வாங்கின ஒரு அறைக்குள் உட்கார்ந்து கட்டிக் கொடுப்பது இவர்கள் ரெண்டு பேர். தோட்டா என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. ஒரு பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, கூட்டின் கழுத்தில் செருகின குண்டு. அந்தக் கழுத்து குண்டை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. அறையில் அதற்குப் பேர் 'பிடி'. ஒரு பெட்டிக்கு ஐம்பது தோட்டா என்றால் ஐம்பதுக்கும் ஒரே பிடி இருக்க வேண்டும். மாறினால் முந்நூறு மீட்டர் தள்ளி ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும். ரொம்பவே தளர்ந்துவிட்டால் அது வேறு கதை. ரைஃபிளுக்குள் தள்ளுகிற வேகத்தில் குண்டு கூட்டுக்குள்ளே இறங்கிவிடும். மருந்துக்கு இடம் சுருங்கி அழுத்தம் எகிறும். சுடுகிறவர் கன்னத்தை ஒட்டி இருக்கிற இரும்பே வெடிக்கலாம்.

இவர்களுக்கு மேலே இன்சார்ஜ் செய்கு முகம்மது. காயல்பட்டினத்துக்காரர், இந்த மணலிலேயே தலை நரைத்தவர். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: ஒரு பெட்டிக்கு ஒரு கை. ஒருத்தன் ஆரம்பித்ததை இன்னொருத்தன் தொடக் கூடாது. லீவரை அமுக்குவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கும், அதனால் பிடியும் மாறும். பாதியில் எழுந்து போக நேர்ந்தால் கட்டினது அத்தனையும் உடைத்து, முதலிலிருந்து கட்ட வேண்டும். "எனக்குக் காரணம் சொல்லாதீங்க. உடைங்க, கட்டுங்க, கலாஸ், அவ்வளவுதான்" என்பார் பாய்.

அந்த வெள்ளிக்கிழமை விஜயபாஸ்கர் கட்டிக்கொண்டிருந்தது ஷம்மாவின் பெட்டி. ஷம்மா உள்ளூர்ப் பெண், யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டே சுடுகிறவள். மறுநாள் அவளுக்கு ஃபைனல். முன்சுற்றிலேயே பழைய பெட்டி தீர்ந்துவிட்டதால் புதுசு அன்றைக்குள் முடிந்தாக வேண்டும். காலை டீ முடிந்து உள்ளே வந்தபோது விஜயபாஸ்கர் முகம் எல்லாம் ஈரமாக இருந்தது. சேதுபதி சும்மா இருப்பானா. "என்ன மாப்ள, முகமெல்லாம் கழுவி பவுடர் போடப் போறியா, யாராச்சும் பொண்ணு பார்க்க வர்றாகளா?" என்றான். மற்ற நாளாக இருந்தால் அதற்குப் பதில் சூடாக வந்திருக்கும். அன்றைக்கு அவன் காதிலேயே வாங்காமல் அலமாரியிலிருந்து டின்னை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். கர்வம் ஏறிப்போச்சு என்று சேதுபதி நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் விஜயபாஸ்கரின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான், காதில் வைத்தான், கீழே வைத்தான். கையைத் துடைத்தான்.

"அக்கா போயிட்டா சேது" என்றான். "நான் கிளம்பணும்."

டயாலிசிஸில் இருந்த அக்கா. அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் அவள்தான் என்பது சேதுபதிக்குத் தெரியும். மேல் கட்டிலில் இருந்து தினமும் "சாப்பிட்டியாக்கா" என்று கேட்கிற குரலைக் கேட்டுக்கொண்டேதானே இவன் தூங்கப் போவான். "போ, போ, பாய்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ ஏர்போர்ட்டைப் பாரு" என்று மட்டும் சொன்னான். கதவு வரைக்கும் போன விஜயபாஸ்கர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தான்.

"ஆறு வரிசை முடிஞ்சிருக்கு. நாலு பாக்கி. உடைச்சுருவாரு."

"அதெல்லாம் இப்பப் பேசுற பேச்சா. கிளம்புடா."

அவன் போய்விட்டான். சேதுபதி அந்தப் பெட்டி முன்னால் நின்றான். பத்து வரிசை, வரிசைக்கு ஐந்து. தோட்டாக்கள் குண்டு கீழே பார்க்க, தலைகீழாக நின்றன. ஆறு வரிசை நிறைந்திருந்தது. மீதி நாலு வரிசைக்கான கூடுகள், கழுத்தை வளையத்தில் அமுக்கிச் சுருக்கி, தட்டில் தயாராக இருந்தன. மருந்து அளந்து போட்டுக் குண்டைச் செருக வேண்டியதுதான் பாக்கி. இதை உடைத்தால் விடிய விடியக் கட்டினாலும் நாளைக்கு ஆகாது. ஷம்மா பயிற்சித் தோட்டாவோடுதான் சுடப் போவாள். அதைவிட, அக்கா செத்துப் போன அன்றைக்கு ஒருத்தன் நாள் முழுக்கப் பண்ணின வேலையைத் தான் உட்கார்ந்து உடைக்கிறதா. மனசு கேட்கவில்லை. ரூமில் ஒருத்தன் அவசரமாகக் கிளம்பினால் அவன் துவைக்கப் போட்ட துணியை இன்னொருத்தன் அலசிக் காயப்போடுவதில்லையா, அது மாதிரிதான் என்று தன்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தான்.

லீவரை அமுக்கியதும் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. குண்டு கழுத்துக்குள் தடங்கலே இல்லாமல் இறங்கியது. தன்னுடைய தோட்டாக்களில் எப்போதும் ஒரு சின்ன முரண்டு இருக்கும், உள்ளங்கையில் தெரியும். இதில் அது இல்லை. ஓகோ, இதுதானா உன் ரகசியம் என்று நினைத்தான். இத்தனை நாளாக மார்தட்டிக்கொண்டு அலைந்தானே, கழுத்தை இப்படி இளக்கமாகத்தான் வைக்கிறானா. பொறாமையில் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் நின்று யோசிக்க வேண்டியதை யோசிக்கவில்லை. நாலு வரிசையையும் முடித்து மூடி போட்டான்.

ரேஞ்சிலிருந்து செய்கு முகம்மது வந்ததும் விஷயத்தைச் சொன்னான். "இன்னாலில்லாஹ்" என்று பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம், "பெட்டி?" என்று கேட்டார்.

"முடிச்சுட்டுத்தான் போனான் பாய்."

ஒன்பது வருஷத்தில் பாயிடம் சேதுபதி சொன்ன முதல் பொய் அது. பெட்டி மேல் விஜயபாஸ்கர் பேரை ஒட்டி, பாய் பூட்டி வைத்தார்.

மறுநாள் காலை வேனில் போகும்போது பக்கத்து சீட் காலியாக இருந்தது. சேதுபதி கண்ணை மூடினான். நேற்றைய தட்டு கண்ணுக்குள் வந்தது. வரிசை வரிசையாகக் கூடுகள், பளபளவென்று. அந்தப் பளபளப்புதான் அவனைத் தூக்கிவாரிப் போட்டது.

ஷம்மாவுக்கு எப்போதும் பழைய டின் கூடுதான். அந்தக் கூடுகளை இவர்களே கழுத்தில் நெருப்புக் காட்டிப் பதப்படுத்துவார்கள், அதனால் கழுத்தைச் சுற்றி ஒரு நீலம் ஓடியிருக்கும். போன மாசம் வந்த புது டின்னில் நீலம் கிடையாது, பாலிஷ் போட்டு வந்தது. கழுத்துத் தகடும் அதில் மெல்லிசு. அதை அமுக்குவதற்கு வேறு வளையம், இன்னும் சின்னது, மாட்ட வேண்டும். பழைய வளையத்திலேயே அமுக்கினால் கழுத்து போதிய அளவு சுருங்காது. குண்டு பேருக்கு உட்கார்ந்திருக்கும், பிடி இருக்காது. ரெண்டு டின்னும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நேற்று பிரஸ்ஸில் மாட்டியிருந்தது பெரிய வளையம். தட்டில் இருந்த கூட்டில் நீலம் இல்லை.

ரகசியமாவது மண்ணாங்கட்டியாவது. அது கை வாகு இல்லை, தப்பு. அதைத் தன் உள்ளங்கை சொன்னபோதே இவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். பொறாமை கண்ணை மறைத்துவிட்டது. பாய்க்குப் போன் போட்டான், ரேஞ்சுக்குள் அணைத்து வைத்திருந்தார். டிரைவரை வேகமாக ஓட்டச் சொல்லி நச்சரித்தான். சனிக்கிழமை, லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. ஷம்மாவின் கன்னம்தான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. அவள் ரைஃபிளில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை இடுக்கும்போது குழந்தை மாதிரி இருப்பாள். வாய்விட்டே, "தாயே, அவ சுட ஆரம்பிச்சிருக்கக் கூடாது" என்றான். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

ரேஞ்சுக்குள் ஓடினான். ஷம்மா விரிப்பில் குப்புறப் படுத்திருந்தாள். பயிற்சித் தோட்டாவில் ஒன்றிரண்டு சுட்டு குறி சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஃபைனல் பெட்டி மூடி திறந்தபடி அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. சுடுகிற கோட்டுக்குப் பின்னால் செய்கு முகம்மது கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பாய், அந்தப் பெட்டியை நிறுத்துங்க."

பாய் ஏன் என்று கேட்கவில்லை. இவன் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது. கையைத் தூக்கினார், நடுவரிடம் போய்ப் பேசினார், பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். பக்கத்து அறையில் மேஜை மேல் வைத்து, கடைசி வரிசையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, குண்டின் முனையை மரத்தில் வைத்துக் கட்டை விரலால் லேசாக அழுத்தினார். குண்டு சத்தமில்லாமல் கூட்டுக்குள் போய்விட்டது.

அப்புறம் அடுத்தது, அடுத்தது. பத்தாவது வரிசை, ஒன்பதாவது, எட்டாவது, ஏழாவது, எல்லாம் உள்ளே போயின. தான் உட்கார்ந்த வரிசையோடு இது நின்றுவிடும் என்று சேதுபதி பார்த்துக்கொண்டிருந்தான். நிற்கவில்லை. ஆறாவது வரிசையும் போனது. ஐந்தாவதும் போனது. நாலாவது வரிசையில் பாய் எவ்வளவு அழுத்தியும் குண்டு அசையவில்லை. அதற்கு முந்தின வரிசை எல்லாம் கல்லு. கழுத்தில் நீலம்.

"விஜயபாஸ்கர் முழுசா முடிக்கல" என்றார் பாய்.

"இல்ல பாய். பொய் சொல்லிட்டேன். நான் உக்காந்து முடிச்சேன்."

"எந்த வரிசையிலேருந்து?"

ஏழாவதிலிருந்து. அதுதான் உண்மை. அதுவும்கூட அவன் அமுக்கி வைத்த கூட்டில்தான் இவன் குண்டைச் செருகினான். வளையத்தை இவன் தொடவே இல்லை. அதைச் சொன்னால் பொய்க்கு நாலு திட்டு விழும், ஒரு மாசம் ரேஞ்சு கூட்டுகிற வேலைக்குப் போடுவார், அதோடு போய்விடும். தப்பு விஜயபாஸ்கர் தலையில் விடியும். சேதுபதிக்கு ஊரில் பெரியவள் பன்னிரண்டாவது படிக்கிறாள். இந்த வயசில் இந்த வேலையை விட்டுவிட்டுப் போய் வேறு என்ன தெரியும் அவனுக்கு. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் ஐந்தாவது வரிசை அவனை விடவில்லை. விஜயபாஸ்கர் டின் மாற்றி எடுக்கிற ஆள் கிடையாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த டின் எந்தப் பக்கம் என்று சொல்லுவான், சொல்லிவிட்டு உனக்குத் தெரியாதா என்று நக்கலும் அடிப்பான். நாலு வரிசைக்கு ஒரு குறையும் இல்லாத கை ஐந்தாவதில் எப்படித் தப்பும். ஐந்தாவது வரிசைக்குக் கூடு எடுத்தது டீக்கு அப்புறம். ஈர முகத்தோடு வந்து, கேலிக்குப் பதில் சொல்லாமல், டின்னை எடுத்தானே, அப்போது. சாயங்காலப் போனில்தான் தெரிந்தது என்று இவன் நினைத்துக்கொண்டது தப்பு. அந்த மனுஷனுக்குக் காலையிலேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் சாயங்காலம் வரைக்கும் லீவரை அமுக்கிக்கொண்டு இருந்திருக்கிறான், நாலடி தள்ளி. நான் பவுடர் போடுறியான்னு கேட்டிருக்கேன், சீ, என்று சேதுபதிக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

"அஞ்சாவதுலேருந்து பாய்" என்றான்.

"கூட்டை அமுக்கினது?"

"நான்தான். டின்னு மாத்தி எடுத்துட்டேன்."

செய்கு முகம்மது அவனையே பார்த்தார். அவரும் நேற்று மத்தியானம் அறைக்கு வந்து போனவர். அப்போது யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, அவர் கேட்கவில்லை. பெட்டியை மூடினார்.

"சட்டத்தை மீறினே, அது ஒண்ணு. முடிச்சுட்டான்னு என் முகத்தைப் பார்த்துச் சொன்னே. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா நான் அவ வாப்பாவுக்கு என்ன பதில் சொல்லுவேன். இனி நீ அந்த அறைக்குள்ள வராதே சேது. விசாவை முடிக்கச் சொல்லி ஆபீஸ்ல பேசிடுறேன்."

"சரி பாய். ஒண்ணே ஒண்ணு. அவன் திரும்பி வந்தா எந்த வரிசைங்கிற பேச்சு வேணாம். சேது பெட்டியைக் கெடுத்துட்டான்னு மட்டும் சொல்லுங்க. எனக்கும் அவனுக்கும் ஆகாது, தெரிஞ்சா ஆயுசுக்கும் சிரிப்பான்" என்றான்.

"எனக்கு ஆகாத பெட்டி ஆகாத பெட்டிதான்" என்றார் பாய். "வரிசை என்ன வரிசை." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஷம்மா பயிற்சித் தோட்டாவிலேயே சுட்டாள். ஆறாவதாக வந்தாள். முடிந்ததும் பை தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் சேதுபதியைப் பார்த்து நின்றாள். யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். கன்னத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஷுக்ரன்" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவன் தலையாட்டினான்.

வேன் கிளம்ப நேரம் இருந்தது. நிழலில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. விஜயபாஸ்கர்.

"சேது, முடிஞ்சிருச்சுடா. நான் வந்து இறங்குறதுக்குள்ள கொண்டு போயிட்டாங்க. காலையில வரைக்கும் வச்சிருந்திருக்காங்க. உடம்பு வீங்கிப் போச்சாம், இனிமே தாங்காதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. பொறந்த வீட்டுக் கோடி நான்தான்டா போடணும், வேற யாரு இருக்கா. வழியில இறங்கி சேலை எடுத்துட்டு ஓடினேன். இன்னும் கையிலதான் வச்சிருக்கேன். எங்க கொண்டு போய்ப் போட."

சேதுபதி "ம்" என்றான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். காலையில டீக்குப் போனப்பவே போன் வந்துருச்சுடா. அப்பவே கிளம்பியிருந்தா மத்தியான ஃப்ளைட்டப் பிடிச்சிருப்பேன். முகத்தைப் பார்த்திருப்பேன். பாதிப் பெட்டியில எந்திரிச்சா உடைக்கணும், அந்தப் புள்ள நாளைக்கு எதை வச்சுச் சுடும்னு நெனச்சு உக்காந்துட்டேன். முடிச்சுட்டுப் போயிரலாம், ராத்திரி ஃப்ளைட்டு போதும்னு. கூறு கெட்டவன். அத்தான் சாயங்காலம் போன் பண்ணி, எங்கடா இருக்கேன்னு அழுதப்பதான் எனக்கு உறைச்சது."

பின்னால் யாரோ பெண்கள் அழுகிற குரல் கேட்டது.

"நான் பண்ணின அந்த ஆறு வரிசையும் உடைச்சுட்டாரா பாய்? பார்த்தியா? பிடி எப்படி இருந்துச்சு? அதை மட்டும் சொல்லு சேது. அதுக்காகத்தான்டா நான் அங்க உக்காந்திருந்தேன்."

சேதுபதி எழுந்து நின்றான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"பாய் ஒவ்வொண்ணா மேஜையில வச்சு அமுக்கிப் பார்த்தாரு" என்றான். "ஆறு வரிசையும் ஒரே பிடி. ஒண்ணு கூட அசையல. அந்தக் கை எனக்கு வராதுடா. ஒன்பது வருஷமா பார்க்குறேன், வரல."

அந்தப் பக்கம் விஜயபாஸ்கர் அதற்கப்புறம்தான் அழ ஆரம்பித்தான்.